கல்லும் ஒளியும் ஈயமும்

பகலெல்லாம் பிழைப்புக்கான வேலையைச் செய்துவிட்டு, அந்தி சாய்ந்தபின் தமக்கென ஒரு கலையைப் பேணுவோர் நம்மிடையே பலர் உளர். பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாள்களில் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுகிறார். வங்கி எழுத்தர் ஒருவர் இரவு உணவுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து சிற்றிதழ் ஒன்றின் மெய்ப்பைத் திருத்துகிறார். இவற்றையெல்லாம் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரு சொல்லில் உலகம் அடக்கிவிடுகிறது. ஆனால் அவர்தம் உள்ளத்தில் ஒரு நெருடல் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கிறது. நாம் செய்யும் வேலை நம் கலைக்குத் தடையா? அல்லது நம் கலைதான் கடமையினின்றும் நாம் களவாடிய நேரமா?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, வரலாற்றில் ஒரு மனிதரின் வாழ்க்கை நம் கண்முன் வந்து நின்றது. அவர் ஆனந்த குமாரசுவாமி. 1918-இல் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் கட்டுரைத் தொகுப்பின் ஆசிரியராக, இந்தியக் கலையின் உட்பொருளை உலகுக்கு விளக்கியவராக நம்மில் பலர் அவரை அறிவர். ஆயினும், அவர் முதலில் அரசாங்கச் சம்பளம் பெற்ற நிலவியல் அதிகாரி என்பதையும், தம் முதற்பெரும் கலைநூலைக் கையச்சுப் பொறியில் தம் மேற்பார்வையிலேயே அச்சிட்டவர் என்பதையும், புகைப்படக் கலைக்கு அரும்பணி ஆற்றியவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றைச் சற்றே விரித்துக் காண்போம்.

கற்களைத் தேடிச் சென்றவர்

1877-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22-ஆம் நாள் கொழும்பு நகரில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய மருகர்கள். தாயார் எலிசபெத் பீபி, ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்பே, 1879-இல், தந்தையார் காலமானார். ஆகவே ஆனந்தர் தாயின் நாட்டிலேயே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். 1902-இல் எத்தல் பார்ட்ரிட்ஜ் என்னும் மங்கையை மணந்தார். மறு ஆண்டு இலங்கைக் கனிமவள ஆய்வுத்துறையின் இயக்குநராகத் தம் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை.

கனிம ஆய்வு நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையன்று. மலைச்சரிவுகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் நடக்க வேண்டும். பாறையைச் சுத்தியலால் உடைத்துப் பார்க்க வேண்டும். இரத்தினக்கல் தோண்டும் குழிகளில் அலசி எடுக்கப்படும் மணலை ஆராய வேண்டும். 1904-இல் சபரகமுவைப் பகுதியின் இரத்தினக்கல் மணலிற் கிடைத்த, கருநிறமும் மிகுந்த எடையும் உடைய ஒரு கனிமத்தை அவர் ஆராய்ந்து அறிவியல் உலகுக்கு அறிவித்தார். தோரியம் என்னும் தனிமம் அதில் மிகுதியாக இருந்தமையால் அதற்குத் 'தோரியனைட்டு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இலங்கை நிலவியல் ஆய்வுக்காகவே 1906-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. கலைமீது கொண்ட காதலால் அவர் தம் அலுவலைக் கைநழுவ விட்டவரல்லர் என்பதற்கு இதுவே சான்று. பகல் வேலையை அவர் முறையாகவே செய்தார்.

ஆனால் கற்களைத் தேடி அவர் கண்டி நாட்டுச் சிற்றூர்களுள் நுழைந்தபோது, கண்ணிற் பட்டவை கற்கள் மட்டும் அல்ல. பொற்கொல்லர், தந்தம் செதுக்குவோர், அரக்குப் பூசுவோர், பாய் முடைவோர், குயவர், நெசவாளர், விகாரைச் சுவர்களில் ஓவியம் தீட்டுவோர் எனத் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் செய்துவந்த மக்களை அவர் கண்டார். 1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமானதிலிருந்து அவர்களைப் புரந்த அரசவை இல்லை. வெளிநாட்டு ஆலைச் சரக்குகள் சந்தையை நிறைத்துவிட்டன. தேர்ந்த கைகள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தன. நிலத்தடியில் கிடக்கும் செல்வத்தைக் கணக்கெடுக்கச் சென்றவர், நிலத்தின்மேல் அழிந்துகொண்டிருந்த செல்வத்தைக் கண்டு திடுக்குற்றார். 1905-இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழங்கட்டடங்களையும் கலைகளையும் காக்குமாறு வேண்டினார்.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். அந்த அரசாங்க வேலை இல்லாதிருந்தால், இலண்டனில் வளர்ந்த அவ்விளைஞர் அச்சிற்றூர்களின் ஒற்றையடிப் பாதைகளில் கால்வைத்திருக்க மாட்டார். பிழைப்புக்கான வேலையே அவரைக் கலையின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது.

கருவியைக் கையாண்ட கண்கள்

அழியும் கலைகளைப் பதிவு செய்யச் சொல் மட்டும் போதாது, படமும் வேண்டும். இப்பணியில் அவருடைய மனைவியார் எத்தலின் பங்கு பெரிது. தூண்களின் செதுக்கு வேலை, அணிகலன்கள், வேலைசெய்யும் கைகள் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்தவர் பெரும்பாலும் அவரே.

இன்று பொத்தானை அழுத்தியதும் படம் கிடைத்துவிடுகிறது. அன்றோ பெரும்பாலும் கண்ணாடித் தகடுகளில்தான் படம் எடுக்க வேண்டும். முக்காலியின்மேல் பெட்டியை நிறுத்தி, கருந்துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாய்த் தெரியும் உருவத்தைக் கூர்மைப்படுத்தி, பின்னரே தகட்டைச் செருக வேண்டும். தகட்டின்மேல் பூசப்பட்ட செலட்டின் படலம் வெப்பமான நீரில் இளகிவிடும். எனவே வெப்பநாடுகளில் படத்தைக் கழுவி எடுப்பது எப்போதுமே பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு தகடு உடைந்தால் ஒரு காட்சியே தொலைந்தது. இத்தனை இடர்களுக்கிடையே எடுக்கப்பட்ட அப்படங்களில், செய்பொருளைவிடச் செய்பவரின் உழைப்பே நம்மைக் கவர்கிறது.

நூலின் முகப்பில் கணவரின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. வரலாற்றில் இது புதிதன்று. ஒருவர் தம் அலுவலுக்கு அப்பால் ஒரு கலையை வளர்க்க, அந்த வீட்டில் மற்றொருவர் தம் நேரத்தையும் கண்ணையும் கையையும் சேர்த்துக் கொடுக்கிறார். அந்த மற்றொருவரின் பெயரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மோரிசின் அச்சுப்பொறி

இனி அச்சுக்கலைக்கு வருவோம். இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்னும் கவிஞர், ஆலைப் பொருள்களின் அழகின்மையைக் கண்டு வெதும்பி, கைவினைகளுக்குப் புத்துயிர் அளிக்க முனைந்தார். அவருடைய அச்சுப்பணிக்கு வித்திட்டதும் ஒளிப்படமே என்பது வியப்புக்குரியது. 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அவருடைய அயலவரும் படஅச்சுத் தொழில் செய்துவந்தவருமான எமரி வாக்கர், பழம்பெரும் அச்சு நூல்களின் எழுத்துகளைப் படமெடுத்து, விளக்கொளியால் திரையிற் பெரிதாக்கிக் காட்டி உரையாற்றினார். கைப்பிடி அளவான ஏட்டில் ஒடுங்கிக் கிடந்த எழுத்துகள் ஆளுயரத்திற்கு எழுந்து நின்றன. அதைக் கண்டதும், அத்தகைய எழுத்தைத் தாமே வடிக்க வேண்டும் என்னும் வேட்கை மோரிசுக்கு உண்டாயிற்று. 1891-இல் அவர் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். ஆங்கிலக் கவி சாசரின் படைப்புகளை 1896-இல் பெருநூலாக அச்சிட்டு முடித்தார். அவ்வாண்டே அக்டோபர்த் திங்களில் உயிர் நீத்தார்.

அவர் மறைவுக்குப் பின் 1898-இல் அச்சகம் மூடப்பட்டது. சி. ஆர். ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் அதன் அச்சுப்பொறிகளை வாங்கி, எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை நிறுவினார். தம் கைவினைஞர் குழுவை 1902-இல் இலண்டனிலிருந்து சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளில் அக்குழு பொருளிழப்பால் தள்ளாடத் தொடங்கியது. இலங்கைப் பணியை முடித்துக்கொண்டு 1907-இல் இங்கிலாந்து திரும்பிய குமாரசுவாமி, அவ்வூருக்கு அருகே பிராட் காம்ப்டனில் குடியேறி, அந்த அச்சகத்தைத் தம் பொறுப்பில் ஏற்றார்.

அவர் குடியேறிய வீடு எது தெரியுமா? நார்மானியர் காலத்துச் சிற்றாலயம் ஒன்று சிதைந்து கிடந்தது. ஆஷ்பி அதனைச் செப்பனிட்டு இல்லமாக்கியிருந்தார். ஒருகாலத்தில் திருப்பலி நிகழ்ந்த அக்கற்சுவர்களுக்குள்ளேதான், பௌத்தக் கைவினைஞர்களைப் பற்றிய ஒரு நூல், ஒரு தமிழரின் மகனால் அச்சேறியது.

பதினைந்து மாத உழைப்பு

அச்சுக்கோத்தல் என்பது என்ன என்பதை நம்முள் மூத்தோர் அறிவர். அறைகள் பிரித்த பலகையில் எழுத்துகள் தனித்தனியே கிடக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கிக் கைச்சட்டத்தில் இடம்வலமாக மாற்றி அடுக்குவார். வரிகளுக்கிடையே தகடு செருகி, பக்கத்தைக் கட்டி, இரும்புச் சட்டத்துள் முடுக்குவார். மெய்ப்பு எடுத்துத் திருத்தியபின் எழுத்தின்மேல் மை உருட்டித் தாளை வைத்து, நெம்புகோலை இழுத்தால் ஒரு முறை அச்சாகும். அடுத்த தாளுக்கு மீண்டும் மை, மீண்டும் இழுப்பு.

'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அந்நூல் முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அச்சிட்ட படிகள் 425. எனின், ஒவ்வொரு பக்கத் தொகுதிக்கும் குறைந்தது 425 முறை நெம்புகோலை இழுத்தாக வேண்டும். 1907 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசம்பரில் முடிந்தது. ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள். மோரிஸ் சாசரின் நூலை அச்சிட்ட அதே பொறியில் தம் நூல் அச்சானதைக் குமாரசுவாமி முன்னுரையில் மனநிறைவோடு குறிப்பிடுகிறார். கீழ்த்திசையும் மேல்திசையும் ஒன்றுகூடி வாழ்வெனும் கலையை மீட்கலாம் என்பதற்கு இதனையே ஓர் அடையாளமாக அவர் கண்டார்.

புகைப்படங்களை மட்டும் ஈய எழுத்தோடு சேர்த்து அப்படியே அச்சிட இயலாது. ஒளியும் நிழலும் படிப்படியாகக் கலந்த படத்துக்குத் தனித் தகடு வேண்டும். ஆகவே கையால் அச்சிட்ட எழுத்துப் பக்கங்களோடு படங்கள் தனித்தாள்களாகச் சேர்க்கப்பட்டன. ஆலை நாகரிகத்தைக் கடிந்துரைத்தவர் புகைப்படக் கருவி என்னும் எந்திரத்தை நாடியது முரண்பாடு ஆகாதா என்று சிலர் வினவலாம். இதற்கு விடை அவரது எழுத்திலேயே உண்டு. மனிதக் கைக்குத் துணைநிற்பது கருவி. வேலையில் மனிதத்தன்மை உடைய பகுதியையே பறித்துக்கொள்வது எந்திரம் என அவர் வேறுபடுத்தினார். கைத்தறி கருவி, விசைத்தறி எந்திரம். 1971-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த பொருளியலறிஞர் ஷுமாக்கர், 1973-இல் வெளியிட்ட 'சிறியதே அழகு' என்னும் புகழ்பெற்ற நூலில் இவ்வேறுபாட்டை எடுத்தாண்டிருக்கிறார். எத்தலின் கையில் இருந்த பெட்டி, எங்கே நிற்பது, எந்த ஒளிக்குக் காத்திருப்பது, எதனை விடுவது என்னும் முடிவுகளை அவரிடமே விட்டுவைத்திருந்தது. அந்த அளவில் அது கருவியே.

பிளவுபடாத வாழ்வு

அந்நூலின் நெஞ்சப்பகுதி அழகிய வேலைப்பாடுகளின் விளக்கம் அன்று. கைவினைஞரின் வாழ்நிலையைக் கூறும் பகுதியே ஆகும். கண்டி நாட்டில் கைவினைஞர் அரசுக்கோ கோயிலுக்கோ ஆற்றும் பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். நிலம் சோறிட்டது, கை கலை செய்தது. காலையில் பிழைப்பு, மாலையில் கலை என்னும் பிளவு அவர்களிடம் இல்லை. 'நுண்கலை' என்றும் 'பயன்கலை' என்றும் பிரிப்பதை ஆனந்தர் வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்ததற்கு இங்கே தான் வேர் இருக்கிறது. நம் பழைய வழக்கிலும் 'சிற்பம்' என்னும் ஒரே சொல் பலவகைக் கைத்திறன்களையும் தழுவி நின்றதன்றோ?

எனினும் அப்பழைய ஒழுங்கை நாம் பொற்காலமென மயங்கிவிடுதலும் ஆகாது. அதில் பிறப்பினால் விதிக்கப்பட்ட தொழிலும் கட்டாய ஊழியமும் இருந்தன. அரசுக்கான கட்டாய ஊழியத்தை ஆங்கில அரசு 1830-களின் தொடக்கத்தில் நீக்கியபோது சிலருக்கு அது விடுதலையாகவே அமைந்தது. ஆனால் சுமையை இறக்கிய கை, அதனோடு பிணைந்திருந்த பாதுகாப்பையும் சேர்த்து இறக்கிவிட்டது. அவ்விழப்பை நம் ஆசிரியர் கண்டார். அச்சுமையின் கடுமையை அவர் அத்துணை அழுத்தமாகக் காணவில்லை என்பதே நம் கருத்து.

இன்னொரு நேர்மையும் வேண்டும். குமாரசுவாமி வறியவர் அல்லர். தந்தையின் சொத்து அவருக்கு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் வேலையை விடவும், அச்சகம் ஒன்றை ஏற்கவும் அதுவே துணையாயிற்று. ஈய எழுத்தைக் கோத்தவரும் நெம்புகோலை இழுத்தவரும் கூலிபெற்ற தொழிலாளர். கலைக்காக வேலையைத் துறந்தார் என அவரைக் காட்டி, நம் இளைஞரை நாம் வழிதவறச் செய்யலாகாது. அவரிடம் நாம் கற்க வேண்டியது துறப்பு அன்று. வேலையில் இருந்தபோது திறந்திருந்த அவர்தம் கண்களையே.

அச்சகம் 1910-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்விருவரின் மணவாழ்வும் முறிந்தது. எத்தல் கைத்தறி நெசவில் ஈடுபட்டார். 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பெப்ளர் என்பவர் வெளியிட்டார். அப்பெப்ளரே பின்னர்க் கத்தோலிக்கராகி, டிச்லிங்கு என்னும் ஊரில் புனித தோமினிக் அச்சகத்தை நடத்தியவர். எத்தல் மேரே என்னும் பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த நெசவுக் கலைஞருள் ஒருவராக விளங்கிய அவ்வம்மையார் 1952-இல் மறைந்தார். இலங்கையில் கைவினைஞரைப் படமெடுத்த கண்கள், தாமே கைவினை செய்யும் கைகளுக்கு வழிகாட்டின.

பாஸ்டனில் ஒரு மாலைப்பணி

1917-இல் குமாரசுவாமி அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் கூடத்தில் இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பாளரானார். மீண்டும் ஒரு பகல் வேலை. மீண்டும் பட்டியல்கள், கடிதங்கள், அளவுகள். முப்பது ஆண்டுகள் அதைச் செய்தார். அக்காலத்தில் தாமும் புகைப்படக் கருவியை எடுத்தார். நடனக் கலைஞரையும் பிறவற்றையும் படம்பிடித்தார். ஆயினும் அவர் அக்கலைக்கு ஆற்றிய பெருந்தொண்டு வேறொன்று. ஒளிப்படம் கலையே அன்று, கருவியின் விளையாட்டு எனப் பெரிய கலைக்கூடங்கள் ஒதுக்கிவந்த காலம் அது. 1924-இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்சின் 27 புகைப்படங்களைப் பாஸ்டன் கலைக்கூடம் ஓவியங்களுக்கு நிகராக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னின்று முயன்றவர் ஆனந்தரே. சோழர் செப்புத்திருமேனியின் அருமையை அறிந்த கண், ஒளியால் எழுதிய படத்தின் அருமையையும் அறிந்தது.

பிற்காலத்தில் அவர் மறைஞானி எக்கார்ட்டையும் புனித தோமா அக்குவினாசையும் ஆழ்ந்து கற்றார். 1934-லும் 1943-லும் வெளிவந்த அவருடைய நூல்களில் இதன் விளைவைக் காணலாம். கலை என்பது உணர்ச்சிப் பெருக்கன்று, செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்யும் அறிவின் நற்பண்பு என்னும் தோமாவின் கருத்து அவரைப் பெரிதும் ஈர்த்தது. தச்சனும் உழவனும் சமைப்பவரும் தத்தம் வேலையில் அந்நற்பண்பைப் பெறலாம்; அதைப் பெறாத ஓவியனோ வெறும் அலங்காரக்காரன். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், நாடு திரும்பும் எண்ணம் ஈடேறாமலேயே, அவர் அமெரிக்காவில் இயற்கை எய்தினார்.

அந்த அச்சுப்பொறி இன்றும் இருக்கிறது. பல கைகள் மாறிக் கடல் கடந்து, 2013 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது, ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகம் அதனை 2,33,000 டாலருக்கு வாங்கியது. அதனைக் காட்சிப்பொருளாக மட்டும் வைக்காமல், மாணவர் அச்சிட்டுப் பழகவும் விட்டிருக்கிறார்கள் என்பது நமக்கு மகிழ்வளிக்கிறது.

நாம் தொடங்கிய வினாவுக்கு மீள்வோம். நம் வேலை கலைக்குத் தடையா? கற்களைத் தேடச் சென்றவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கற்களை மட்டும் தேடியிருந்தால், அது தடையாகவே இருந்திருக்கும். நம் கலை, கடமையினின்றும் களவாடிய நேரமா? பாறையை உரியவாறு ஆராய்ந்த அதே கவனத்தைத்தான் அவர் செதுக்குத்தூணுக்கும் ஈய எழுத்துக்கும் கொடுத்தார். கவனம் ஒன்றே, பொருள்கள் பல. அலுவலகத்தில் கோப்பினை அக்கறையின்றிப் புரட்டும் கை, மாலையில் மட்டும் அழகைப் படைத்துவிடும் என நாம் நம்புவதற்கில்லை.

நாளைக் காலை நாம் நம் வேலைக்குச் செல்லும்போது, அந்த வழி நம்மை எந்தச் சிற்றூரின் எந்தக் கைகளுக்கு அருகே கொண்டுபோகிறது என்பதைச் சற்றே நிமிர்ந்து பார்ப்போமாக. மாலையில் வீடு திரும்பி நம் கலையில் அமரும்போது, நமக்காக விளக்கைத் தூண்டிவிட்டவர் எவர் என்பதையும் மறவாதிருப்போமாக.